தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் தபால்தலையில் வரலாறு சேர்ப்பது எப்படி

தபால்தலை சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் செய்வது, ஆன்லைனில் 'நூறு நாட்டு ஸ்டாம்ப்' என்று போட்டிருக்கும் பாக்கெட் ஒன்றை வாங்குவதுதான். வேண்டாம். அதில் அஜ்மான், ஃபுஜைரா, உம்மல் குவைன் என்று வளைகுடாவின் குட்டி அமீரகங்களின் தலைகள் பளபளவென்று நிறைய வரும். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே அச்சடித்துக் குவித்தவை அவற்றில் ஏராளம், பல முத்திரை குத்தியே அச்சகத்திலிருந்து வந்தவை. பத்து நாள் பார்ப்பீர்கள், அப்புறம் அலமாரிக்குள் போய்விடும். உங்களுக்கும் அந்தத் தலைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோது வேறென்ன நடக்கும்?

நான் எல்லோரிடமும் சொல்வது வேறு வழி. நீங்கள் இருக்கிற ஊரிலிருந்து தொடங்குங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடந்த வரலாற்றில் யார் யார் கால் பட்டிருக்கிறது, அவர்களில் யாருக்குத் தபால்தலை வந்திருக்கிறது என்று தேடுங்கள். பத்துப் பதினைந்து தலைகளிலேயே ஒரு நல்ல தொகுப்பு அமைந்துவிடும், செலவும் கையைக் கடிக்காது. நான் போட்டுப் பார்த்த மூன்று பாதைகளைச் சொல்கிறேன். இப்படியேதான் போட வேண்டும் என்று இல்லை, மாதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பாராமகாலிலிருந்து வேலூர் வரை

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை பைபாஸில் போகும்போது தினமும் பார்க்கிறோம். அந்தக் கோட்டையும் சுற்றியுள்ள பாராமகால் பகுதியும் திப்பு சுல்தான் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில். திப்புவுக்கு 1974இல் இந்தியத் தபால்தலை வந்தது. உங்கள் முதல் பக்கம் அதுதான்.

அங்கிருந்து பாதை தானாகவே நீளும். திப்பு 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார், அவருக்கு 200ஆவது நினைவு ஆண்டான 1999இல் தபால்தலை வந்தது. 1801இல் மருது சகோதரர்கள், அவர்களுக்கு 2004இல். 1805இல் சங்ககிரியில் தீரன் சின்னமலை, அவருக்கு 2005இல். மைசூர்ப் படையோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தவர் அவர், சங்ககிரியும் நமக்குப் பக்கம்தான். 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள், அந்தக் கோட்டைக்குள் காவலில் இருந்தவர்கள் திப்புவின் பிள்ளைகள். வேலூர்ப் புரட்சிக்கு 2006இல், சரியாக 200 ஆண்டு முடிந்த நாளில் தலை வெளியானது. வேலு நாச்சியாரை (2008) இதற்கு முன்னால் வைக்கலாம், ஏனென்றால் சிவகங்கையை மீட்க அவர் உதவி கேட்டுப் போனது திப்புவின் தந்தை ஹைதர் அலியிடம்.

பாருங்கள், பதினான்கே ஆண்டில் நடந்ததெல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றுவிட்டது. இங்கே ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன்: தலைகளை வெளியான வருடப்படி அடுக்காதீர்கள், நடந்த வருடப்படி அடுக்குங்கள். கடையில் விற்கிற ஆல்பங்கள் வெளியீட்டு வருடப்படிதான் இருக்கும், அதில் ஒட்டினால் திப்புவுக்கும் கட்டபொம்மனுக்கும் நடுவில் கால் நூற்றாண்டு விழும், இடையில் கிரிக்கெட்டும் பறவைகளும் வந்து உட்காரும். கதை அறுந்துபோகும்.

பாப்பாரப்பட்டி பக்கம்

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று இறந்தது தருமபுரிக்குப் பக்கத்தில் பாப்பாரப்பட்டியில். 1908இல் வ.உ.சி.யோடு கைதாகி, சிறையில் தொழுநோய் வாங்கி வெளியே வந்த மனிதர். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள், அவர் கட்டை வண்டியிலும் நடந்துமாக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தார், 1923இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் வங்காளத்துச் சித்தரஞ்சன் தாஸ்.

இப்போது தலைகளைத் தேடுங்கள். தாஸுக்கு 1965இல் வந்திருக்கிறது. சிவாவோடு கைதான வ.உ.சி.க்கு 1972 செப்டம்பர் 5, பிறந்த நூற்றாண்டு நாள், அவர் முகத்தோடு ஒரு கப்பலும் இருக்கும். இவர்கள் இருவருக்கும் நண்பரான பாரதிக்கு 1960 செப்டம்பர் 11, பதினைந்து நயா பைசா. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் நடுவில் சிவா வந்து நிற்பார். அவருக்காக அந்த இடத்தில் என்ன வைக்கலாம் தெரியுமா? பாப்பாரப்பட்டி அஞ்சலகத்துக்கு நேரில் போங்கள். உங்கள் முகவரி எழுதிய உறையில் ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, ஜூலை 23 அன்று (ஞாயிறோ விடுமுறையோ இல்லாத வருடமாகப் பார்த்து) கவுண்டரிலேயே கொடுத்து, 'முத்திரை தெளிவா விழுற மாதிரி குத்திக் கொடுங்க சார்' என்று கேளுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் உள்ள அந்த வட்ட முத்திரை அவருடைய நினைவு நாளையே உங்கள் பக்கத்தில் பதித்துவிடும். காசு கொடுத்து வாங்குகிற எந்தத் தலையையும்விட இதற்கு மதிப்பு அதிகம் என்பேன்.

கவுண்டரில் இருப்பவருக்கு அவசரம் இருக்கும், அதனால் காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னாலோ மதியத்துக்கு மேலோ போங்கள். உறைக்குள் கெட்டி அட்டை ஒன்று வைத்தால் முத்திரை சமமாக விழும், உள்ளே காலியாக இருந்தால் பாதி வட்டம்தான் கிடைக்கும். கடிதம் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

தொரப்பள்ளிக்காரர்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜிக்கு, அவர் இறந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 1973 டிசம்பர் 25 அன்று தலை வெளியிட்டார்கள். அவர் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பக்கத்தை எழுதுங்கள்.

ஆனால் ராஜாஜியைத் தொடுகிற இன்னொரு தபால்தலைக் கதை இருக்கிறது, உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த கதை. 1948 ஆகஸ்ட் 15, முதல் சுதந்திர தின ஆண்டு நிறைவுக்குக் காந்தி படம் போட்டு நான்கு தலைகள் வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தின் கூர்வோசியே அச்சகத்தில் அச்சானவை. அவற்றில் நூறு செட் மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சுப் போட்டு (அச்சான தலையின் மேல் மறுபடி அச்சடித்து) கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காகத் தனியாக எடுக்கப்பட்டன. அப்போது கவர்னர் ஜெனரல் யார்? 1948 ஜூன் 21 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் தொரப்பள்ளி ராஜாஜி. அந்தச் சர்வீஸ் பத்து ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலை போனது.

இதைச் சொல்வதற்குக் காரணம், இதே பத்து ரூபாய்க் காந்தியைக் காட்டித்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். மேலச்சு இல்லாத சாதாரணப் பத்து ரூபாய்த் தலைக்கே போலிகள் ஏராளம். அசல் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சானது, பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் நிழல் பகுதிகள் மிக நுண்ணிய ஒரே சீரான வலை போலத் தெரியும். கலர் பிரிண்டர் போலியில் தனித்தனி வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சந்தையிலோ ஃபேஸ்புக் குழுவிலோ யாராவது 'வீட்டுல கிடைச்சது, ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துக்கோங்க' என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அதே காந்தியின் ஒன்றரை அணா தலை சுலபமாகக் கிடைக்கும், உங்கள் பக்கத்துக்கு அது போதும்.

ஒரு தலையைப் படிப்பது எப்படி

கையில் எடுத்ததும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். முதலில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா, 1964இல் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா. வருடம் அச்சாகாத பழைய தலைகளுக்கு இது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

அப்புறம் தேதி. தலையில் இருக்கிற தேதி எப்போதும் வெளியான தேதி இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்றரை அணா, பறக்கும் தேசியக் கொடி, பின்னால் மேகம், இந்தியில் ஜெய்ஹிந்த், கூடவே 15 ஆகஸ்ட் 1947. ஆனால் அது வெளியானது 1947 நவம்பர் 21. அசோகத் தூண் போட்ட ஒன்றரை அணாவும் விமானம் போட்ட பன்னிரண்டு அணாவும் டிசம்பர் 15. மூன்றிலும் அச்சாகியிருக்கிற நாள் ஒன்றே. நடந்த நாள், நினைவுகூர்ந்த நாள், வெளியிட்ட நாள் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கலாம், உங்கள் குறிப்பில் மூன்றையும் எழுதுங்கள்.

எந்த ஆண்டு நிறைவுக்கு வந்தது என்பதும் முக்கியம், ஏனென்றால் அதிலிருந்துதான் அந்தந்தக் காலத்து அரசு எதை நினைவில் வைக்க விரும்பியது என்று தெரியவரும். 1857 புரட்சிக்கு நூறாண்டு ஆனபோது, 1957இல், குதிரை மேல் ஜான்சி ராணியோடு தலை வந்துவிட்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்த வேலூர்ப் புரட்சி 2006 வரை காத்திருந்தது. தெற்கில் நடந்தவை தபால்தலைக்குத் தாமதமாகவே வந்திருக்கின்றன என்று எனக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தையும் பக்கத்தில் எழுதலாம், தப்பில்லை.

இன்னொன்று, நினைவுத் தலையையும் அன்றாடத் தலையையும் கலக்காதீர்கள். நினைவுத் தலை குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சாகும், தீர்ந்தால் தீர்ந்ததுதான், பொதுவாகப் பெரிதாக இருக்கும். அன்றாடத் தலை சிறியது, தேவைக்கேற்ப மறுபடி மறுபடி அச்சாகும். 'மை ஸ்டாம்ப்' என்பது இரண்டிலும் சேராது. அது பணம் கட்டினால் யார் படத்தை வேண்டுமானாலும் தலைக்குப் பக்கத்தில் சேர்த்து அச்சிட்டுத் தரும் திட்டம். 'எங்கள் தலைவருக்கு மத்திய அரசு தபால்தலை வெளியிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் பல இந்த வகை. வரலாற்றுத் தொகுப்பில் அதை நினைவுத் தலை என்று வைத்தால் பொய்யாகிவிடும்.

பொதுவாக உயிரோடு இருப்பவருக்கு இந்தியாவில் தலை போடுவதில்லை. விதிவிலக்குகள் உண்டு: நூறு வயதைத் தொட்ட டி.கே. கார்வேக்கு 1958இலும் விஸ்வேஸ்வரய்யாவுக்கு 1960இலும் அவர்கள் இருக்கும்போதே வந்தது.

எங்கே வாங்குவது

புதிதாக வருபவற்றுக்குச் சிறந்த வழி ஃபிலாட்டலி டெபாசிட் அக்கவுண்ட். குறைந்தது 200 ரூபாய் கட்டித் தொடங்கலாம், கேட்ட தலைகள், முதல் நாள் உறை (வெளியான நாளின் முத்திரையோடு வருவது), தகவல் தாள் எல்லாம் வெளியாக வெளியாக உங்கள் கணக்கில் கழித்துக்கொண்டு வந்து சேரும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தலைமை அஞ்சலகத்தில் போய்க் கேளுங்கள். தகவல் தாளைத் தவறாமல் வாங்குங்கள், வடிவமைத்தவர், அச்சிட்ட எண்ணிக்கை, எந்த அச்சகம், என்ன முறை என்று எல்லாம் அதில்தான் இருக்கும். நமக்கு இன்னொரு வசதி, பெங்களூர் பக்கம். ஓசூர் வழியாக ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் ராஜ்பவன் ரோட்டிலுள்ள ஜி.பி.ஓ. ஃபிலாட்டலி பிரிவுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், வேறு வேலையாகப் போகும்போது எட்டிப் பாருங்கள்.

பழையவற்றுக்குப் பழைய பேப்பர் கடை. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஏதாவது ஆபீஸ் ஃபைல் கட்டு வந்தால் எடுத்து வைப்பார். வீட்டில் தாத்தா பாட்டி காலத்துக் கடிதங்கள் கம்பியில் குத்திக் கிடந்தால் அதுதான் புதையல். கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளில் தெரிந்தவர் இருந்தால் பழைய வெளிநாட்டு உறைகளைக் கேட்டுப் பாருங்கள். காந்திக்கு முதலில் தலை போட்ட வெளிநாடு அமெரிக்கா, 1961 ஜனவரி 26இல், அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகள் போட்டிருக்கின்றன. அப்படி ஒன்று சிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, பழைய உறையிலிருந்து உடனே தலையைக் கிழிக்காதீர்கள். முத்திரையில் தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று நம் ஊர்ப் பெயர் இருந்தால் உறையை அப்படியே வைத்திருங்கள். முகவரியில் சேலம் மாவட்டம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். பின்கோடு இல்லையென்றால் அநேகமாக அது வருவதற்கு முன்னால் எழுதியது, பின்கோடு தொடங்கியது 1972 ஆகஸ்ட் 15. இவையெல்லாம் அந்த உறை சொல்கிற வரலாறு, தலையைப் பிரித்துவிட்டால் போய்விடும்.

ஊறவைப்பதும் காப்பதும்

சாதாரண உறையில் வந்த, முத்திரை விழுந்த தலைகளை மட்டும் ஊறவையுங்கள். புதுத் தலையையோ முதல் நாள் உறையையோ தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பின்பக்கப் பசை போனால் புதுத் தலையின் மதிப்பு போச்சு. சுற்றிலும் கொஞ்சம் காகிதம் விட்டு வெட்டி, தட்டையான தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, படம் மேலே இருக்கும்படி மிதக்கவிடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் இருந்தால் நல்லது. சிவப்பு, பச்சை உறைகளையும் ஊதா ரப்பர் முத்திரை விழுந்தவற்றையும் தனித் தட்டில் போடுங்கள், சாயம் இறங்கி மற்றவற்றையும் கெடுக்கும். இருபது நிமிடத்தில் காகிதம் தானாகக் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் விடுங்கள், நகத்தால் உரிக்காதீர்கள். பின்பக்கம் வழவழப்பு போகும்வரை விரலால் மெல்லத் தடவி, வெள்ளைத் துணியிலோ ஒற்றுத்தாளிலோ குப்புறப் போட்டு உலர்த்துங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும். லேசான ஈரம் இருக்கும்போதே கனமான புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் சுருளாது.

பிடிப்பதற்கு நுனி தட்டையான இடுக்கி, வைப்பதற்கு ஸ்டாக் புக், அதாவது ஒட்டாமல் தலைகளைச் செருகி வைக்கிற புத்தகம். செலோ டேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றும் வேண்டவே வேண்டாம். லேமினேட் பண்ணினால் பத்திரமாக இருக்கும் என்று நல்ல எண்ணத்தில் செய்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு அந்தத் தலையை யாராலும் மீட்க முடியாது. மலிவான பி.வி.சி. உறைகளும் நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையை இழுக்கும். மழைக்காலத்தில், முக்கியமாக ஓசூர், தேன்கனிக்கோட்டை ஈரத்தில், புதுத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள், சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், சிலிக்கா ஜெல் பை ஒன்றிரண்டு பக்கத்தில் போட்டு வையுங்கள்.

பக்கம் எழுதுவது

ஏ4 கெட்டித் தாள், பக்கத்துக்கு மூன்று நான்கு தலைகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி: என்ன நடந்தது, எப்போது, தலை எப்போது வந்தது, நம் ஊருக்கு என்ன தொடர்பு. கடைசியில் சொன்னதுதான் உங்கள் உழைப்பு, மற்றதெல்லாம் தகவல் தாளிலேயே இருக்கும். பாரதிக்கு 'மகாகவி, எட்டயபுரத்தில் பிறந்தார்' என்று எழுத எல்லோராலும் முடியும். சித்தரஞ்சன் தாஸ் தலைக்குக் கீழே 'பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்டியவர், 1923' என்று எழுத தருமபுரிக்காரருக்குத்தான் தோன்றும்.

கண்காட்சிக்கு வைக்க ஆசை இருந்தால் ஒரு சட்டகத்துக்குப் பதினாறு பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று பாதைகளையும் சேர்த்தால் தலைப்புப் பக்கத்தோடு ஒரு சட்டகம் நிரம்பும். தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தின் டானாபெக்ஸ் கண்காட்சி அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். போட்டிக்கு வைக்கும் பக்கங்களில் போட்டோ, பேப்பர் கட்டிங் அதிகம் சேர்க்காதீர்கள், நடுவர்கள் தலை, உறை, முத்திரை ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரிலேயே டெபாசிட் அக்கவுண்ட் தொடங்குங்கள். தீன் தயாள் ஸ்பர்ஷ் யோஜனா என்று அஞ்சல் துறையின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது, ஆண்டுக்கு 6,000 ரூபாய், நல்ல மதிப்பெண்ணோடு பள்ளியின் தபால்தலை மன்றத்திலாவது சொந்தக் கணக்கிலாவது சேர்ந்திருக்க வேண்டும். வினாடி வினாவும் தபால்தலைத் திட்ட வேலையும் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். திட்ட வேலைக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம், கிருஷ்ணகிரிக் கோட்டையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.